‘வா’ என்றால் என்ன அர்த்தம்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் ஆவி அக்கா. வைத்தவர்கள் குசும்புக்காரர்கள்தான், ஆனால் பெயர் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. எங்கோ ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருக்கும் பெண், கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுகிறது என்று போன் போடுவாள். இவள் தன் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் அந்தக் கம்ப்யூட்டருக்குள் புகுந்துவிடுவாள். அங்கே அம்புக்குறி தன்பாட்டுக்கு நகரும். பெட்டிகள் தாமாகத் திறந்து மூடும். விசைப்பலகையை யாரும் தொடாமலே திரையில் எழுத்து விழும். பார்த்துக்கொண்டிருப்பவர்கள் முதல் தடவை கொஞ்சம் வெலவெலத்துத்தான் போவார்கள்.

இந்த வேலையில் அவள் ஒரு நாளைக்கு முப்பது தடவை சொல்லும் வசனம் ஒன்று உண்டு. "கையை எடுத்துடுங்க." அங்கே இருப்பவர் மவுஸைப் பிடித்துக்கொண்டு, இங்கே இவளும் பிடித்தால், அம்புக்குறி இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து இழுபடும். சிலர் எடுத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு எடுக்க மாட்டார்கள். "சார், இன்னும் எடுக்கல" என்பாள். "உங்களுக்கு எப்படித் தெரியுது?" என்று எதிர்முனையில் மூச்சு வாங்கும். தெரியாமல் என்ன, அம்புக்குறி நடுங்குவதைப் பார்த்தாலே கை நடுங்குகிறவர் வயதைக்கூடச் சொல்லிவிடுவாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படி இல்லை. திருப்புளியும் ஒயர்களும் அடைத்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மாடி மாடியாக ஏறி இறங்கினாள். எந்த அலுவலகத்தில் தண்ணீராவது கொடுப்பார்கள், எங்கே உட்காரக்கூடச் சொல்ல மாட்டார்கள் என்பதெல்லாம் அத்துப்படி. பிறகு தூரத்திலிருந்தே இயக்கும் மென்பொருள் வந்தது, பை மூலைக்குப் போனது. போகாமலே போய்வருகிற வேலையாக மாறிவிட்டது. இருபத்து மூன்று வருடத்தில் அவளுக்கு இன்று முந்நூறு திரைகள் தெரியும். அவற்றின் முன்னால் உட்காரும் முகங்களில் பத்துகூடத் தெரியாது.

அந்த முந்நூறும் அவள் கம்ப்யூட்டரில் ஒரு நீளமான பட்டியலாக நிற்கும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு புள்ளி. இயந்திரம் ஓடுகிறது என்றால் பச்சை, அணைந்திருந்தால் சாம்பல். பட்டியலின் கடைசி வரியில் ‘அம்மா’ என்று இருக்கும். அம்மா இறந்து எட்டு மாதமாகிவிட்டது. அந்தப் புள்ளி இன்னும் பச்சையாகவே இருக்கிறது.

அம்மா நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். நீதிபதி தும்மினால் தும்மலையும் சேர்த்து அடித்துவிடுவாள் என்று அந்தக் காலத்தில் கேலி செய்வார்களாம். ஓய்வுக்குப் பிறகு காது மெல்ல மெல்ல அடைத்துக்கொண்டது. போனில் பேசினால் பாதி புரியாது, மீதி கற்பனை. "கத்திரிக்கா வாங்கினேம்மா" என்றால் "யாருக்குக் கல்யாணம்?" என்பாள். ரயிலில் ஆறு மணி நேரத் தொலைவில், தனி வீட்டில், காது கேட்காத அம்மா. மகள் ஒரு கம்ப்யூட்டரை வாங்கிக் கொண்டுபோய் வைத்து, தன் மென்பொருளையும் அதில் போட்டுவிட்டு வந்தாள்.

அன்றிலிருந்து பேச்சு திரையிலேயே நடந்தது. அம்மா ‘பேச்சு’ என்று ஒரு கோப்பைத் திறந்து வைத்திருப்பாள். மகள் இங்கிருந்து உள்ளே போய் ஒரு வரி அடிப்பாள். அதற்குக் கீழே அம்மா ஒரு வரி அடிப்பாள். ஆறு வருடப் பேச்சும் அந்த ஒரே கோப்பில் கிடக்கிறது. அடித்ததை அழிக்க அம்மா விடமாட்டாள். கோபத்தில் எதையாவது அடித்துவிட்டு மகள் அழிக்கப் போனால், "பதிவானது பதிவானதுதான். கையை எடுடி" என்று எழுத்து பாயும். வாதி, பிரதிவாதி எல்லோரையும் முப்பது வருடம் அப்படித்தானே அடக்கி வைத்திருந்தாள்.

மவுஸை மட்டும் அம்மாவுக்குப் பிடிக்காது. எலி என்றுதான் சொல்வாள். ஒரு நாள் "எலி செத்துப்போச்சு வா" என்று கைபேசியில் செய்தி வந்தது. பக்கத்து நாற்காலிக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ, அம்மா வீட்ல எலித் தொல்லையா?" என்று உச்சுக்கொட்டினாள். மவுஸில் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான்.

அந்தச் செய்தியே நாளடைவில் தேய்ந்து ‘வா’ என்று ஒரே எழுத்தில் நின்றது. அம்மாவிடமிருந்து ‘வா’ என்று வந்தால் கம்ப்யூட்டருக்குள் வா என்று அர்த்தம். தம்பிக்கும் அதே ஏற்பாடு. அவன் வேறொரு நாட்டில், மீனும் இறைச்சியும் உறையவைக்கும் குளிர்க்கிடங்கில் வேலை செய்கிறான். அவனுக்கும் அக்காவே மென்பொருளைப் போட்டுக் கொடுத்திருந்தாள். "எனக்கு இதெல்லாம் வராதுக்கா" என்று சொல்லிவிட்டு அவன் எப்போதாவது எட்டிப் பார்ப்பதோடு சரி.

மகள் உள்ளே வருவது அம்மாவுக்கு விருந்தாளி வருகிற மாதிரி. ‘வா’ என்று அனுப்புவதற்கு முன் திரையைத் துடைப்பாள். படங்களையும் கோப்புகளையும் வரிசையாக அடுக்குவாள். ஆடிக்கொண்டிருந்த சீட்டாட்டத்தை மூடி மறைப்பாள். பகலெல்லாம் சீட்டாடுகிறாள் என்று மகளுக்குத் தெரியக் கூடாதாம். மகளுக்கு அது எப்போதோ தெரியும், சொன்னதில்லை.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பதினொன்று நாற்பதுக்கு ‘வா’ என்று வந்தது.

பல் மருத்துவமனைக்காரி வேறொரு போனில் காத்துக்கொண்டிருந்தாள். அவளை இருக்கச் சொல்லிவிட்டு இவள் அம்மாவின் கம்ப்யூட்டருக்குள் போனாள். சீட்டாட்டம் பாதியில் திறந்து கிடந்தது. கோப்புகள் தாறுமாறாக இருந்தன. இரண்டையும் கண் பார்த்தது, மனம் பார்க்கவில்லை. ஏதாவது கெட்டுப்போயிருக்கிறதா என்று தேடினாள். ஒன்றும் கெட்டுப்போகவில்லை. சீட்டாட்டத்தை மூடினாள். ‘பேச்சு’ கோப்பில், "என்னம்மா? எல்லாம் சரியாத்தான் இருக்கு. சாயங்காலம் வர்றேன்" என்று அடித்தாள். பதில் இல்லை. அடுப்படிக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். எல்லாம் சேர்ந்து நான்கு நிமிடம்.

எதிர்வீட்டுத் தையல்காரம்மா நாலு மணிக்குத் தைத்த ரவிக்கையைக் கொடுக்கப் போனபோது, அம்மா கம்ப்யூட்டருக்கு முன்னால் நாற்காலியிலேயே சாய்ந்திருந்தாள். கைபேசி மடியில் இருந்தது. மாரடைப்பு, உச்சிவேளை வாக்கில் உயிர் போயிருக்கும் என்றார் மருத்துவர்.

அப்படியென்றால் பதினொன்று நாற்பதுக்கு உயிர் இருந்தது. அம்மா அடுப்படியில் இல்லை, திரைக்கு முன்னால் இருந்தாள். கையை அசைக்க முடியாமல், அம்புக்குறி நகர்வதையும் சீட்டாட்டம் மூடப்படுவதையும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுத்து விழுவதையும் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாள். அவள் கூப்பிட்டது கம்ப்யூட்டருக்குள் அல்ல. ஊரில் எல்லோரும் வா என்று கூப்பிடுவார்களே, அந்த வா. பெற்ற மகளுக்கு அந்தச் சாதாரண அர்த்தம் அன்று தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் தையல்காரம்மாவுக்கு ஒரு போன் போட்டிருப்பாள், தெருவைக் கடக்க அரை நிமிடம்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கணவர் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர், பொறுமைசாலி, அவரிடமும் சொல்லவில்லை. காரியம் முடிந்த அன்று தம்பி அவளைப் பார்த்து, "உன்னை நம்பித்தானே அம்மாவ விட்டுட்டுப் போனேன்" என்று கத்தினான். "வருஷத்துக்கு ஒரு தடவ எட்டிப் பாக்குறவன் பேசாதடா" என்று இவளும் கத்தினாள். அதோடு பேச்சு நின்றுபோனது. அவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டதோ என்ற பயம் அன்றே அவளைப் பிடித்துக்கொண்டது. தெரிந்தால் தம்பியும் இல்லை. மிச்சம் இருக்கும் ஒரே உடன்பிறப்பு அவன்தான்.

பத்திரங்களின் நகல் உள்ளே இருக்கிறது, கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம் என்று தையல்காரம்மாவிடம் ஒரு காரணம் சொல்லி வைத்தாள். சாவி அவரிடம் இருந்தது. வாரம் ஒரு தடவை கூட்டிப் பெருக்கி, ஜன்னலைத் திறந்து மூடுவார். அந்த நகலை எடுக்க ஒரு நிமிடம் போதும் என்பது இந்தத் தொழிலில் உள்ள யாருக்கும் தெரியும். நல்லவேளையாகத் தையல்காரம்மா இந்தத் தொழிலில் இல்லை.

தினமும் மதிய இடைவேளையில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் அந்த வீட்டுக்குள் போவாள். ‘பேச்சு’ கோப்பின் கடைசி வரி அவள் வரிதான். எல்லாம் சரியாத்தான் இருக்கு. அழித்துவிடலாம். அழித்தால் தம்பி கண்ணில் படாது. அம்புக்குறியை அந்த வரியின் தலைமாட்டில் கொண்டுபோய் வைப்பாள். பதிவானது பதிவானதுதான் என்று மண்டைக்குள் அம்மா அதட்டுவாள். கையை எடுத்துவிடுவாள். சோறு ஆறிப்போயிருக்கும்.

அலுவலகத்தில் ஆவி அக்கா என்று கூப்பிடுவதை எல்லோரும் நாசூக்காக நிறுத்தியிருந்தார்கள். அவளிடம் வேறொரு பழக்கம் தொற்றிக்கொண்டதையும் கவனித்தார்கள். போனில் எதிர்முனை இரண்டு விநாடி பேசாமல் இருந்தால் அவளுக்குப் பதறும். "இருக்கீங்களா? ஒரு குரல் குடுங்க. குரல் குடுங்க முதல்ல" என்பாள். பல் மருத்துவமனைக்காரி ஒரு நாள், "மேடம், நான் வடை தின்னுட்டிருந்தேன், வாய் நிறைய இருந்துச்சு" என்று சிரித்தாள். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை, தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

எட்டாவது மாதத்தில் தையல்காரம்மா போன் செய்தார்.

"ஏம்மா, தப்பா நெனக்காத. உங்கம்மா கம்ப்யூட்டர்ல அந்த அம்பு தானா ஓடுது."

"அது நான்தாங்க. இங்க இருந்து பாப்பேன். பயப்படாதீங்க."

"அது தெரியும்மா, நீ மத்தியானம் வர்றது எனக்குப் பழகிப்போச்சு. ‘வந்துட்டியா, சாப்டியா’ன்னு கேட்டுட்டுத்தான் கூட்டுறதே. நான் சொல்றது காலைல. இன்னைக்கி ஊருக்குப் போகணும்னு ஆறு மணிக்கே கூட்ட வந்தேன். ஓடிட்டிருந்துச்சு. உங்கம்மா எழுதுன இடத்துலயே மேலயும் கீழயும் போய்ட்டு வருது. யாரோ படிக்கிற மாதிரி."

"மிஷின்ல ஏதோ கோளாறா இருக்கும், பாக்குறேன்" என்று போனை வைத்தாள்.

யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்பதற்கு மென்பொருளில் ஒரு பதிவேடு உண்டு. இரண்டு சொடுக்கில் திறக்கும். அடுத்தவர் வீட்டுத் திருட்டையெல்லாம் அதை வைத்துத்தான் கண்டுபிடித்துக் கொடுப்பாள். இதற்கு மட்டும் திறக்கவில்லை. அம்மாவாக இருக்க வாய்ப்பே இல்லை என்று அவளுக்குத் தெரியாதா? அவளைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் திறக்கவில்லை. திறக்காத வரைக்கும் காலை ஆறு மணிக்கு அம்மா எழுந்து வந்து, பழைய பேச்சை உட்கார்ந்து படித்துக்கொண்டு இருக்கலாம். அப்படிப் படித்தால் கடைசி வரியையும் படிப்பாளே என்றும் தோன்றியது. இரண்டு நாள் தூங்கவில்லை. பயமா ஆசையா என்று கேட்டால் அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

மூன்றாம் நாள் காலை ஆறே காலுக்கு, கணவர் பேருந்தை எடுக்கக் கிளம்பிப் போனதும், சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து ‘அம்மா’ என்ற வரியைச் சொடுக்கினாள்.

உள்ளே விடுவதற்கு முன் ஒரு சின்னப் பெட்டி வந்தது. ‘ஏற்கெனவே ஒருவர் உள்ளே இருக்கிறார்.’

தொழிலில் ஆயிரம் தடவை பார்த்த வாசகம்தான். இரண்டு பேர் ஒரே இயந்திரத்துக்குள் போனால், இரண்டாவதாக வருகிறவருக்கு இப்படிக் காட்டும். ஆயிரம் தடவை பார்த்தவள் அன்று அதை மறுபடியும் படித்தாள். சரி என்று அழுத்தினாள்.

கோப்பு திறந்திருந்தது. அம்புக்குறி நகர்ந்துகொண்டிருந்தது. அவள் இரண்டு கைகளையும் மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அம்புக்குறி மெதுவாக வரி வரியாக இறங்கி, எல்லாம் சரியாத்தான் இருக்கு என்ற இடத்துக்கு வந்து நின்றது. லேசாக நடுங்கியது. பிடித்திருந்த கை நடுங்குகிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

ஒரு விரலால் தட்டினாள். "அம்மா"

அம்புக்குறி அப்படியே உறைந்தது. பிறகு கீழே எழுத்து ஒவ்வொன்றாக விழுந்தது. அம்மாவின் வேகம் இல்லை. தேடித் தேடி அடிக்கிற கை.

"இல்லக்கா. நான்."

அவளுக்கு ஒரு கணம் அவன்மேல் ஆத்திரம்தான் வந்தது. அம்மாவை இரண்டாவது தடவையாகக் கொண்டுபோய்விட்டவன் மாதிரி இருந்தது. அடுத்த கணம் பயம். அம்புக்குறி அந்த வரியின்மேல் நிற்கிறது. அவன் படித்துவிட்டான். எத்தனை நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறானோ. இனி ஒளிக்க என்ன இருக்கிறது என்று போனை எடுத்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். பின்னணியில் குளிர்க்கிடங்கின் இரைச்சல் கேட்டது.

"அந்த வரிய படிச்சியா?" என்றாள். எட்டு மாதத்துக்குப் பிறகு பேசும் முதல் பேச்சு.

"படிச்சேன்."

"அன்னைக்கி அம்மா வான்னு அனுப்பினாடா. கம்ப்யூட்டருக்குத்தான் கூப்பிடுறான்னு நெனச்சேன். உள்ள போய் சீட்டாட்டத்த மூடிட்டு வந்துட்டேன். நாலு நிமிஷம். அவ அங்கதான் உக்காந்திருந்தா. நீ என்ன வேணா சொல்லிக்க. நான் ஒரு போன் பண்ணியிருந்தா..."

"அக்கா."

"நான்தான்டா..."

"அக்கா, எனக்கும் வந்துச்சு."

"என்ன வந்துச்சு?"

"வான்னு. அதே நேரத்துல. அதுக்கு முன்ன அம்மா எனக்கு அப்படி அனுப்பி ஒரு வருஷம் இருக்கும். வேலைய போட்டுட்டு போன்லயே உள்ள போனேன். ஏற்கெனவே ஒருத்தர் உள்ள இருக்காங்கன்னு காட்டுச்சு. சீட்டாட்டம் மூடுறத பாத்தேன். நீ ‘என்னம்மா’ன்னு அடிக்கிறத பாத்தேன்." அவன் குரல் பிசிறியது. "அக்கா வந்துட்டா, பாத்துக்குவான்னு வெளிய வந்துட்டேன். ஒரு நிமிஷம்கூட இருக்கலக்கா. அன்னைக்கி உன்மேல கத்துனேன்ல, உன்ன இல்லக்கா. என்னையேதான்."

அம்மா இரண்டு பேருக்கும் சேர்த்து அனுப்பியிருக்கிறாள். ஒரு பேட்டரிக்காக யாரும் இரண்டு பிள்ளைகளையும் கூப்பிட மாட்டார்கள். இருவரில் ஒருவருக்கு மற்றவருக்கும் வந்தது தெரிந்திருந்தால் போதும், புரிந்திருக்கும். இருவரும் ஒரே அறைக்குள் வந்து, ஒருவரோடொருவர் பேசாமல் போய்விட்டார்கள். அம்மா நடுவில் உட்கார்ந்திருந்தாள். எட்டு மாதமாகத் தனியாகச் சுமந்ததில் பாதியை அவன் சுமந்துகொண்டு இருந்திருக்கிறான் என்பதில் ஆறுதல் இருக்க வேண்டும். இருந்தது, ஆனால் அதைவிடப் பெரிதாக வலித்தது.

"தினமும் வேலைக்கு நடுவுல வந்து படிக்கிறேன்," என்றான் தம்பி. "நீங்க ரெண்டு பேரும் பேசினதெல்லாம். ஆறு வருஷம். என் பேரு எத்தன தடவ வருது தெரியுமா? ‘அவன் சாப்டானா’ன்னு கேட்டுட்டே இருந்திருக்கா." மூக்கை உறிஞ்சினான். சின்னப் பையனாக இருந்தபோது உறிஞ்சிய அதே மாதிரி. "அக்கா, ஒண்ணு கேக்கணும். உனக்குத்தான் தெரியும். நான் உள்ள வந்தப்ப எனக்குக் காட்டுச்சுல்ல, அது அம்மா பக்கமும் காட்டியிருக்குமா? ரெண்டு பேரு வந்திருக்காங்கன்னு?"

அவளுக்குத் தெரியும். அந்த மென்பொருள், யார் உள்ளே வந்தாலும் வீட்டுக்காரர் திரையில் அறிவிப்புக் காட்டும். அம்மாவின் கம்ப்யூட்டரில் மட்டும் காட்டாது. திடீர் திடீரென்று எழும்பும் பெட்டிகளைப் பார்த்து அம்மா பயப்படுகிறாள் என்று, வாங்கிவைத்த முதல் வாரமே அதை நிறுத்தி வைத்தது அவள்தான். அன்று அம்மாவின் திரையில் ஓர் அம்புக்குறிதான் இருந்தது. மகன் வந்ததும் போனதும் அம்மாவுக்குத் தெரிய வழியே இல்லை.

"காட்டியிருக்கும்டா," என்றாள்.

"நெசமாவா?"

"இது என் தொழில்டா. வலது பக்கம், கீழ காட்டும். உன் பேரு, என் பேரு, ரெண்டும் வரும்."

"அம்மா கண்ணாடி போட்டிருந்தாளா, தெரியலையே."

"பெரிய எழுத்துலதான் வெச்சிருந்தேன்," என்றாள் அக்கா. "கண்ணாடி இல்லாமலே படிச்சிருப்பா."